சூ பெய்ஹோங்: எண்ணெயும் மையும் எங்கே கலந்தன?

கேள்வி இது: "சீன ஓவியர் சூ பெய்ஹோங் மேற்கத்திய எண்ணெய் ஓவியத்தையும் சீன மை ஓவியத்தையும் கலந்தவர் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. ஆனால் அவருடைய குதிரைப் படங்கள் அசல் சீனப் படங்களாகத் தெரிகின்றன, எண்ணெய்ப் படங்கள் அசல் ஐரோப்பியப் படங்களாகத் தெரிகின்றன. அப்படியானால் கலப்பு எங்கே நடந்தது? ஆசிரியராக அவர் என்ன சாதித்தார்?"

கலப்பை வண்ணத்தில் தேடினால் கிடைக்காது. கேன்வாஸில் மையைப் பூசுவது, காகிதத்தில் எண்ணெயைத் தடவுவது மாதிரியான சோதனை எதுவும் அவர் செய்யவில்லை. எட்டு வருட ஐரோப்பிய வாசத்தில் அவர் கொண்டுவந்த முக்கியமான சரக்கு எண்ணெய் வண்ணமே இல்லை, கரிக்கோல். உயிருள்ள ஆளையோ மிருகத்தையோ எதிரில் வைத்துக்கொண்டு, தோலுக்கு அடியில் எலும்பும் தசையும் எப்படி ஓடுகின்றன என்று புரிந்து, ஒளி விழும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பிரித்து வரையும் பயிற்சி. அதை அவர் இரண்டு திசையிலும் செலுத்தினார். எண்ணெயில் செலுத்தியபோது சீனப் பழங்கதைகள் பாரிஸ் அகாடமி பாணியில் பிரம்மாண்டமான காட்சிகளாயின. மையில் செலுத்தியபோது குதிரைகள் வந்தன. என் கணிப்பில் இரண்டாவது முழு வெற்றி, முதலாவது பாதி வெற்றி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சூ 1895-இல் ஜியாங்சு மாகாணத்தின் யிஷிங் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா தானாகவே கற்றுக்கொண்ட ஓவியர். மகனுக்கும் அவர்தான் முதல் குரு. வீட்டில் வறுமை. அப்பாவும் பையனும் ஊர் ஊராகப் போய்ப் படம் வரைந்து விற்றுப் பிழைத்த காலமும் உண்டு. அப்பா இறந்த பிறகு இருபது வயதில் ஷாங்காய் வந்து அலைந்தார். அங்கே காங் யூவெய் என்ற பெரிய அறிஞரின் அறிமுகம் கிடைத்தது. சிங் வம்ச ஆட்சியின் கடைசிக் காலத்தில் அரசியல் சீர்திருத்தம் கேட்டுத் தலைக்கு விலை வைக்கப்பட்டவர் அவர். சீன ஓவியம் சோங் வம்ச காலத்தோடு உச்சத்தைத் தொட்டுவிட்டது, அதற்கப்புறம் சரிவுதான், முந்தைய ஓவியர்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தே செத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. இளைஞர் சூவுக்கு இது மனதில் பதிந்துவிட்டது.

1917-இல் சில மாதங்கள் ஜப்பானில் இருந்துவிட்டு பெய்ஜிங் வந்தார். பெய்ஜிங் பல்கலைக்கழகத் தலைவர் காய் யுவான்பெய் அவரை ஓவிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். அங்கே 1918-இல் சீன ஓவியத்தைச் சீர்திருத்துவது பற்றி ஓர் உரை ஆற்றினார். அதன் சாரம் ஐந்து துண்டுகள்: பழைய முறைகளில் நல்லதைக் காப்போம், அழியும் நிலையில் இருப்பதைத் தொடர்வோம், நன்றாக இல்லாததை மாற்றுவோம், போதாததைக் கூட்டுவோம், மேற்கத்திய ஓவியத்தில் எடுக்கத் தக்கதை உள்ளே கரைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு 23 வயது, ஐரோப்பாவையே பார்த்ததில்லை. ஆனாலும் சாகும்வரை இந்த ஐந்தை விட்டு அவர் நகரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

1919-இல் அரசு உதவித்தொகையில் பிரான்ஸ். பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் ஓவியர் பிளாமெங்கின் வகுப்பு, லூவர் அருங்காட்சியகத்தில் பழைய மேதைகளைப் படியெடுப்பது. உதவித்தொகை ஒழுங்காக வராது. பட்டினி கிடந்து வயிற்று நோயை வாங்கிக்கொண்டார். ஜெர்மனியில் மார்க்கின் மதிப்பு விழுந்து செலவு குறைவாக இருந்ததால் 1921 முதல் 1923 வரை பெர்லினில் போய் இருந்தார். அங்கே ஆர்தர் காம்ப் என்ற ஓவியரிடம் பாடம். மிச்ச நேரத்துக்கு மிருகக்காட்சி சாலை, சிங்கங்களை வரைய.

ஆனால் அவரை உருவாக்கியவர் பாரிஸில் இருந்த தாக்னான் பூவெரே என்ற கிழவர். அன்றைக்குப் பாரிஸ் பிக்காசோ, மத்தீஸ் பின்னால் போய்விட்டது. தாக்னான் பூவெரே அதற்கு முந்தைய தலைமுறை, கோரோ என்ற பழைய பிரெஞ்சு ஓவியரிடம் பாடம் கேட்டவர். சூ ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவார். கிழவர் சொன்ன முதல் விஷயம், நாகரிகத்தின் (ஃபேஷனின்) பின்னால் ஓடாதே, சின்ன வெற்றியில் திருப்தி அடையாதே. இரண்டாவது விஷயம் ஒரு பயிற்சி. மாடலை முன்னால் வைத்து நுணுக்கமாக வரைந்து முடி. பிறகு அந்தப் படத்தை மூடிவிட்டு, அதையே நினைவிலிருந்து இன்னொரு முறை வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே தவறியது என்று பார்.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எனக்கு இதுதான் பாலமே. சீன மை ஓவியர் எதிரில் பொருளை வைத்துக்கொண்டு வரைகிறவர் இல்லை. மலையில் சுற்றிவிட்டு வந்து, அறையில் உட்கார்ந்து, உள்ளே தங்கியதை வரைகிறவர். ஐரோப்பிய அகாடமி ஓவியரோ மாடல் எழுந்து போய்விட்டால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். பார்த்து வரை, பிறகு பார்க்காமல் வரை என்ற பயிற்சி இந்த இரண்டு பழக்கத்தையும் ஒரே கையில் கொண்டுவந்து சேர்த்தது. பின்னாளில் ஒரு கடிதத்தில் சூ எழுதினார்: குதிரைகளை மட்டும் ஆயிரத்துக்குக் குறையாமல் ஸ்கெட்ச் போட்டிருக்கிறேன், குதிரையின் உடற்கூறு படித்திருக்கிறேன், எலும்புக்கூடும் தசையும் பழகிப்போனவை என்று. அந்த ஆயிரமும் கையில் ஏறிய பிறகு எந்தக் குதிரையையும் பார்க்காமல், ஒரு நிமிட யோசனையும் இல்லாமல் மையில் இறக்கினார்.

சீனாவில் குதிரை வரைவது புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டில் ஹான் கான் கொழுத்த அரண்மனைக் குதிரைகளை வரைந்தார். பதினோராம் நூற்றாண்டில் லி கோங்லின் வெறும் கோட்டிலேயே வரைந்தார். ஐரோப்பிய நிழலைச் சீனக் குதிரைக்குக் கொண்டுவந்த முதல் ஆளும் சூ இல்லை. இத்தாலிய ஜேசு சபைத் துறவி காஸ்டிலியோனே சிங் அரண்மனையில் உட்கார்ந்து 1728-இல் நூறு குதிரைகளை ஒரே நீளச் சுருளில் வரைந்து வைத்துவிட்டார். ஆனால் அவை மெல்லிய தூரிகையால் பளபளவென்று மெழுகி எடுத்த குதிரைகள். சூ செய்ததை அவர் செய்யவில்லை. நிழலையும் ஒளியையும் கணக்காகப் போடுவதோடு, அதைப் பெரிய ஈரத் தூரிகையின் ஒரே வீச்சில் போடுவது, திருத்தவே முடியாத இடத்தில்.

திருத்த முடியாது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். பிடிக்கவில்லை என்றால் சுரண்டலாம், மேலே இன்னொரு பூச்சு பூசலாம். சீன ஓவியர்களின் ஷுவான் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். வைத்த இடம் வைத்ததுதான். 1941-இல் அவர் பினாங்கில் வரைந்த பாயும் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள், அச்சுப் படமே போதும். குதிரை பக்கவாட்டில் ஓடவில்லை, கிட்டத்தட்ட நம்மைப் பார்த்து வருகிறது. முன்னால் வரும் காலும் மார்பும் பெரிதாகி, பின்பாகம் சுருங்கியிருக்கிறது. இந்தக் கோணம் பழைய சீனக் குதிரைப் படங்களில் அபூர்வம், ஐரோப்பிய ஸ்கெட்ச் வகுப்பில் தினசரிப் பாடம். மார்புக்கு இரண்டு மூன்று அகலமான ஈர வீச்சு. தூரிகையின் ஒரு பக்கம் கருமை, மறு பக்கம் நீர்த்த மை, ஆகவே ஒரே இழுப்பில் தசை உருண்டு நிற்கிறது. தோளிலும் முகவாயிலும் வெளிச்சம் விழும் இடம் வெறும் காகிதம். பிடரிக்கும் வாலுக்கும் மட்டும் மை வற்றிய தூரிகை, மயிர் பிரிந்து காற்றில் பறக்கிற மாதிரி. இதில் கரிக்கோல் பயிற்சியை எடுத்துவிட்டால் குதிரை தட்டையாகிவிடும். மையின் பழக்கத்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும்.

அந்தப் படத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருப்பதும் முக்கியம். சாங்ஷா நகருக்கான இரண்டாவது போர் நடக்கிறது, கவலையில் நெஞ்சு எரிகிறது, போன முறை கிடைத்த முடிவே இப்போதும் கிடைக்கலாம், எதிர்பார்த்திருக்கிறேன் என்று எழுதி, பினாங்கில் விருந்தாளியாக இருப்பதையும் குறித்திருக்கிறார். ஜப்பானியர்கள் சீனாவுக்குள் வந்துவிட்ட காலம். சிங்கப்பூர், பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று கண்காட்சி வைத்து, வந்த பணத்தைப் போர் நிவாரணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வரவேற்பறைகளில் அதிர்ஷ்டத்துக்காகத் தொங்கவிடும் அந்தக் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் இல்லாமல் இருப்பது சும்மா அழகுக்காக இல்லை. நல்ல குதிரையைக் கண்டறியத் தெரிந்த ஒருவரின் பழங்கதையை வைத்து 1931-இல் மையில் வரைந்த 'ஜியூ ஃபாங்காவ்' படத்தில் ஒரு குதிரைக்கு மட்டும் கடிவாளம் போட்டிருக்கிறார். தன்னை அடையாளம் கண்டவனுக்குக் குதிரை தானாகக் கட்டுப்படும் என்பது அதற்கு அவர் சொன்னதாக வழங்கும் விளக்கம்.

எண்ணெய்க்கு வருவோம். 1927-இல் ஊர் திரும்பி நான்ஜிங் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே 'தியன் ஹெங்கும் 500 வீரர்களும்' என்ற படத்தை 1930-இல் முடித்தார். இரண்டு மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் அகலம். வெற்றிபெற்ற ஹான் பேரரசருக்குப் பணிய மறுத்த தியன் ஹெங், தன் ஆட்களிடம் விடைபெறும் காட்சி. பிறகு அவரும் தற்கொலை செய்துகொள்வார், அவர்களும் செய்துகொள்வார்கள். கூட்டத்தில் மஞ்சள் உடையில் நிற்பது சூவேதான் என்பார்கள். அடுத்தது 1933-இல் முடித்த 'நம் அரசனுக்காகக் காத்திருக்கிறோம்', வறண்ட நிலத்தில் விவசாயிகள் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் படம்.

இவற்றின் துணிச்சல் பெரிது. அத்தனை பெரிய எண்ணெய்ப் படத்தில் சீன வரலாற்றுக் கதை என்பது அங்கே புது விஷயம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் மனிதர்கள் நாடக மேடையில் போஸ் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு உடம்பும் தனித்தனியாக ஸ்டூடியோவில் வரைந்து ஒட்டியது தெரிகிறது, எல்லோர் மேலும் ஒரே வெளிச்சம். கரிக்கோலில் எல்லாம் தீர்ந்துவிட்டது, எண்ணெய் அதற்கு மேல் வண்ணம் நிரப்பும் வேலையை மட்டும் செய்கிறது. பாரிஸில் 1926-இல் வரைந்த 'புல்லாங்குழல் ஓசை'யில் புகைபோல மங்கும் வண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு, எண்ணெயை அவரால் இதைவிட நன்றாகக் கையாள முடியும் என்று தெரியும்.

இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் படம் ஒன்று இருக்கிறது, அது இந்தியாவில் பிறந்தது. தாகூரின் அழைப்பில் 1939 கடைசியில் சூ சாந்திநிகேதன் வந்தார். அங்கே 1937-லேயே சீன பவனம் திறந்திருந்தது, அங்கிருந்த கலைப் பள்ளியான கலா பவனத்தில் ஓவியர் நந்தலால் போஸ் இருந்தார். சாந்திநிகேதனிலும் கல்கத்தாவிலும் கண்காட்சி நடந்தது. 1940 பிப்ரவரியில் காந்தி அங்கே வந்தபோது, கிடைத்த சில நிமிடங்களில் சூ அவரை ஸ்கெட்ச் போட்டார். தாகூரை நாற்காலியில், கையில் குறிப்பேட்டோடு, பின்னால் பச்சை இலைகளோடு மையிலும் வண்ணத்திலும் வரைந்தார். முகத்துக்கு மட்டும் ஐரோப்பிய நிழல், அங்கிக்குச் சீனக் கோடு. கலப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அவர் படங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு டார்ஜிலிங் போய், கஞ்சன்ஜங்கா தெரியும் ஊரில் இருந்துகொண்டு 'மலையை நகர்த்திய முட்டாள் கிழவர்' என்ற படத்தை முடித்தார். நான்கு மீட்டருக்கும் அதிக அகலம், காகிதத்தில் மை. தொண்ணூறு வயதுக் கிழவர் வீட்டு வாசலை மறைக்கும் இரண்டு மலைகளைத் தோண்டி அப்புறப்படுத்தக் கிளம்புகிறார், நான் செத்தால் மகன், அப்புறம் பேரன் என்று சொல்லிக்கொண்டு. போர்க்காலச் சீனாவுக்கு இந்தக் கதை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. விஷயம் என்னவென்றால், மண்வெட்டியை ஓங்கி நிற்கும் ஆட்களுக்கு மாடலாக நின்றவர்கள் இந்தியர்கள். திரண்ட தோளும் தொடையுமாக, பலர் உடம்பில் துணியில்லாமல். சீன மை ஓவிய மரபில் ஆடையில்லாத உடம்புக்கு இடமே கிடையாது. சீனக் கதையில் இந்தியர்கள் ஏன் என்று கேட்டவர்களுக்கு, யாரானாலும் உழைக்கிறவர்கள்தானே என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். மைக்கோட்டின் உள்ளே லேசான நிழல் கொடுத்து உடம்பை உருட்டியிருக்கிறார். சில இடத்தில் ஒட்டுகிறது, சில இடத்தில் ஒட்டவில்லை. ஆனாலும் இதே காட்சியின் சின்ன எண்ணெய் வடிவத்தைவிட மை வடிவத்தில்தான் வலு அதிகம்.

சரி, ஆசிரியர் சூ. இங்கே அவர் செல்வாக்கு ஓவியங்களைவிடப் பெரிது, சண்டைகளும் அதிகம். ஆறாம் நூற்றாண்டிலிருந்து சீன ஓவியத்துக்கு ஆறு விதிகள் என்று ஒரு மரபு உண்டு. 1932-இல் சூ தன் மாணவர்களுக்கு ஏழு விதிகள் எழுதினார். சரியான இடம், சரியான அளவு, கறுப்பு வெள்ளைத் தெளிவு, இயல்பான அசைவு, கனமும் லேசும் ஒத்துப்போவது, குணம் வெளிப்படுவது, கடைசியில் கண்ணில் உயிர். பழைய பட்டியல் உயிர்ப்பில் தொடங்குகிறது, இவருடையது உயிர்ப்பில் முடிகிறது. முதலில் அளவைச் சரியாகப் போடு, ஆன்மாவை அப்புறம் பார்க்கலாம் என்பது தொனி. வகுப்பில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது: உருண்டையாக வருவதைவிடச் சதுரமாக வரட்டும், சாமர்த்தியமாக இருப்பதைவிட முரட்டுத்தனமாக இருக்கட்டும், சுத்தமாக இருப்பதைவிட அழுக்காக இருக்கட்டும். கரிக்கோல் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். வளைவை வழவழவென்று மெழுகாதே, தளம் தளமாக வெட்டிப் பார் என்கிறார்.

திறமையைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. 1928-29 வாக்கில் பெய்பிங் (பெய்ஜிங்கின் அன்றைய பெயர்) கலைக் கல்லூரிப் பொறுப்பில் கொஞ்ச காலம் இருந்தபோது மை ஓவியர் ச்சி பாய்ஷியைப் பேராசிரியராக அழைத்தார். தச்சராக இருந்தவர், வயது அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் பார்த்ததே கொஞ்சம். கிழவர் பயந்து மறுத்தார். சூ திரும்பத் திரும்பப் போய்க் கூட்டிவந்து முதல் வகுப்பில் பக்கத்திலேயே இருந்தார். பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள், சூவே சீக்கிரம் வேலையை விட்டுக் கிளம்ப வேண்டிவந்தது. கவனியுங்கள், ச்சி பாய்ஷிக்கும் ஐரோப்பாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அவர் இறாலைக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்துப் பார்த்து வரைகிறவர். சூவுக்கு அது போதும்.

1929-இல் அவருடைய இன்னொரு முகமும் வெளிப்பட்டது. ஷாங்காயில் முதல் தேசியக் கலைக் கண்காட்சி. செஸான், மத்தீஸ் போன்ற பிரெஞ்சு நவீன ஓவியர்களின் பாணிகளைச் சூ பத்திரிகையில் கிழித்தார். மானே சாதாரணம், ரெனுவார் கொச்சை, செஸான் மேலோட்டம், மத்தீஸ் மட்டம் என்று எழுதி, அவர்கள் படங்களை அரசு வாங்கிவருவதைப் போதைப்பொருள் இறக்குமதியோடு ஒப்பிட்டார். கவிஞர் சூ ஜிமோ நிதானமாகப் பதில் எழுதினார்: நீங்கள் கேலி செய்யும் செஸான் வாழ்நாள் முழுக்கத் தனியாக உழைத்தவர், பொய் சொல்லாதவர், அவரைப் போய் வியாபாரி என்கிறீர்களே என்ற பொருளில். வாதத்தில் கவிஞர்தான் ஜெயித்தார் என்று நினைக்கிறேன். தாக்னான் பூவெரே சொன்ன 'நாகரிகத்தின் பின்னால் ஓடாதே' சூவிடம் ஒரு பூட்டாகவும் ஆகிவிட்டது.

ஹாங்ஜோவில் லின் ஃபெங்மியன் நடத்திய கல்லூரி இதற்கு நேர் எதிர். அவரும் பிரான்ஸில் படித்தவர்தான். ஆனால் செஸானுக்குப் பிறகு வந்ததையெல்லாம் உள்ளே விட்டார். வூ குவான்ஜோங், ஜாவ் வூ-கி போன்றவர்கள் அங்கிருந்து வந்தார்கள். எண்ணெயும் மையும் கலப்பதை வண்ணத்திலும் தூரிகையிலுமே பார்க்க விரும்பினால், நீங்கள் போக வேண்டிய வாசல் அதுதான்.

1946-இல் சூ மறுபடி பெய்பிங் கலைக் கல்லூரித் தலைவரானார். மை ஓவியம் படிக்கிறவர்களும் முதல் இரண்டு வருடம் ஸ்கெட்ச் படித்தே ஆக வேண்டும் என்றார். எல்லா உருவக் கலைக்கும் ஸ்கெட்ச்தான் அடித்தளம் என்பது அவர் கட்சி. 1947-இல் மை ஓவியப் பேராசிரியர்கள் மூன்று பேர் வகுப்புக்கு வர மறுத்துவிட்டார்கள். தூரிகை பிடிக்க வேண்டிய கையைக் கரிக்கோல் கெடுத்துவிடும் என்பது அவர்கள் பயம். மலை, நீர், மூங்கில் வரைகிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். மூங்கில் இலைக்கு நிழல் போட ஆரம்பித்தால் மூங்கில் போய்விடும். மனித உருவம் வரைகிறவர்களுக்கோ சூவின் வழி ஒரு புதுக் கதவைத் திறந்தது. அவரால் ஊக்கம் பெற்ற ஜியாங் ஜாவ்ஹே 1943-இல் நீண்ட மைச் சுருள் ஒன்றில் வரைந்த அகதிகளைப் பார்த்தால் தெரியும். பழைய மரபில் அந்த முகங்கள் சாத்தியமே இல்லை.

சூ ஜெயித்தார். 1950-இல் பெய்ஜிங்கில் மத்திய நுண்கலை அகாடமி தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். 1953-இல் 58 வயதில் பக்கவாதத்தில் இறந்தார். அதற்கப்புறம் சோவியத் ஆசிரியர்கள் வந்து இன்னும் கறாரான ஸ்கெட்ச் முறையைப் புகுத்தினார்கள். நாடு முழுக்க ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு என்றாலே ஸ்கெட்ச் என்று ஆனது. மை ஓவியர் பான் தியன்ஷோ போன்றவர்கள் சீன ஓவியமும் மேற்கத்திய ஓவியமும் தள்ளியே இருக்கட்டும் என்று வாதாடினார்கள், அந்தக் குரலும் இன்னும் ஓயவில்லை.

கோட்டின் மேல் அவருக்கு இருந்த வெறியைக் காட்ட ஒன்று சொல்கிறேன். 1937-இல் ஹாங்காங்கில் ஒரு ஜெர்மன் பெண்மணியிடம் பழைய பட்டுச் சுருள் ஒன்றைப் பார்த்தார். 87 தெய்வங்கள் ஊர்வலம் போகும் படம், வண்ணமே கிடையாது, வெறும் கோடு. 10,000 யுவானோடு தன் படங்கள் ஏழையும் கொடுத்து வாங்கி, 'பெய்ஹோங்கின் உயிர்' என்ற முத்திரையைக் குத்தினார். 1942-இல் குன்மிங்கில் விமானத் தாக்குதல் அபாயத்துக்காக வெளியே ஓடித் திரும்பியபோது சுருளைக் காணோம். இரண்டு வருடம் கழித்து மறுபடி பெரும் பணமும் படங்களும் கொடுத்து மீட்டார். திருடியவர்கள் அந்த முத்திரையை மட்டும் நீக்கியிருந்தார்கள். இன்றைக்கு அது பெய்ஜிங்கில் உள்ள சூ பெய்ஹோங் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனைவி லியாவ் ஜிங்வென் அவருடைய 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகளை அப்படியே நாட்டுக்குக் கொடுத்துவிட்டதால், பெரிய படங்களைப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இணையத்தில் 'சூ பெய்ஹோங்' என்று தேடினால் வரும் எல்லாவற்றையும் நம்பாதீர்கள். போலிக் குதிரைகள் ஏராளம், போலி எண்ணெய்ப் படங்களும் உண்டு. 2010-இல் அவர் முதல் மனைவியை வரைந்தது என்று சொல்லி ஒரு நிர்வாண எண்ணெய்ப் படம் 7 கோடியே 28 லட்சம் யுவானுக்கு ஏலம் போனது. அடுத்த வருடம் மத்திய நுண்கலை அகாடமியின் பழைய மாணவர்கள் பத்துப் பேர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: அது சூ வரைந்ததே இல்லை, 1983-இல் எங்கள் வகுப்பில் போட்ட பயிற்சிப் படம், அதே மாடல், அதே போஸ் என்று. சூ தொடங்கிவைத்த வகுப்பறையில் போட்ட பாடம் சூவின் பெயரிலேயே விலைபோயிருக்கிறது.